ஸ்காட் எம்எக்ஸ்-02: மதிப்பெண்ணை மறைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய கருவி

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட் எனும் சிறு குண்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 என்பதால், பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். அதற்கும் உள்ளே ஒவ்வொரு கால் மி.மீ.க்கும் 0.1 கூடும். தகுதிச் சுற்றின் 60 ஷாட்டில் மொத்தம் 3 புள்ளி ஏற்ற வேண்டுமென்றால் ஷாட்டுக்கு 0.05 ஏற வேண்டும். இலக்கின் மேல் அது 0.125 மி.மீ. இவ்வளவு நுட்பமான இடத்தில் காகித அட்டையும் எலக்ட்ரானிக் டார்கெட்டும் சொல்வது ஒன்றுதான்: பெல்லட் எங்கே விழுந்தது. ஏன் அங்கே விழுந்தது என்று தெரிய, ஷாட் கிளம்புவதற்கு முந்தைய சில நொடிகளைப் பார்த்தாக வேண்டும். அந்த நொடிகளைப் பதிவு செய்வதுதான் ஸ்காட் என்ற பயிற்சிக் கருவியின் வேலை.

மாஸ்கோ நிறுவனத்தின் இந்தக் கருவி 1990களிலிருந்தே பல நாட்டு அணிகளிடம் புழங்குகிறது. பழைய மாடல்களுக்கு மின்னணு இலக்குச் சட்டம் ஒன்று தனியாகத் தேவைப்பட்டது. எம்எக்ஸ்-02 அப்படியில்லை. பேரலிலோ அதன் கீழுள்ள காற்று சிலிண்டரிலோ பூட்டிய சிறு கேமரா, எதிரே இருக்கும் சாதாரண அட்டையின் கறுப்பு வட்டத்தையே பார்த்துப் பிடித்துக்கொள்ளும். ரேஞ்சில் உள்ள எலக்ட்ரானிக் டார்கெட்டையும் அப்படியே பயன்படுத்தலாம். பெல்லட் இல்லாத டிரை பயிற்சிக்கும் உதவும், பெல்லட் போட்டுச் சுடும்போதும் ஓடும். யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைகிறது. கேபிள் வேண்டாம் என்பவர்களுக்கு எம்எக்ஸ்-டபிள்யூ2 என்ற வயர்லெஸ் மாடல் உண்டு. விலையும் அதற்கேற்ப ஏறும்.

திரையில் விழும் கோடு நான்கு நிறம். துப்பாக்கி இலக்குக்குள் இறங்கி நிலைகொள்ளும் வரை பச்சை. ஷாட்டுக்கு முந்தைய ஒரு நொடி மஞ்சள். அதிலும் கடைசி 0.2 நொடி நீலம். ஷாட் கிளம்பிய பின் சிவப்பு. பெரும்பாலான தவறுகள் நிறத்திலேயே தெரிந்துவிடும், எண்களுக்குப் போகத் தேவையே இருக்காது. மஞ்சளும் நீலமும் சேர்ந்து பரந்து கிடந்தால் நிற்கும் நிலையில் கோளாறு: பாத இடைவெளி, இடுப்பு, இடது முழங்கை, தோளில் துப்பாக்கியின் பின்முனை (பட்) உட்காரும் இடம். மஞ்சள் ஒரு குண்டூசித் தலையளவு அடங்கியிருக்க, நீலம் மட்டும் வெளியே பாய்ந்தால் டிரிகர் விரல்தான் குற்றவாளி. சிவப்பு உடனே எங்கோ பறந்தால் ஃபாலோ த்ரூ, அதாவது ஷாட்டுக்குப் பிறகும் அப்படியே நிலைத்து நிற்பது, கிடையாது. கண் அதற்குள் மானிட்டருக்கு ஓடியிருக்கும். டிரை பயிற்சியில் பின்னுதைப்பே இல்லாததால், சிவப்பு ஒரு முழு நொடியாவது அதே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சாக்குச் சொல்ல வழியில்லை.

எண்களில் முதலில் கவனிக்க வேண்டியவை மூன்று. 10.0 என்ற சதவீதம், கடைசி நொடியில் எவ்வளவு நேரம் கோடு பத்துக்குள் இருந்தது என்று சொல்லும். 10ஏ0 என்பது அதே அளவு வட்டத்தைக் கோட்டின் சொந்த நடுவில் வைத்து அளப்பது. இலக்கின் மையத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 10ஏ0 உயர்ந்தும் 10.0 தாழ்ந்தும் இருந்தால் ஹோல்டு (துப்பாக்கியை அசையாமல் பிடித்து நிற்பது) நன்றாகத்தான் இருக்கிறது, இடம்தான் தவறு. சைட்டை (குறிபார்க்கும் அமைப்பை) திருகும் முன் கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, கண்ணைத் திறந்து பாருங்கள்: துப்பாக்கி தானாக எங்கே போய் நிற்கிறது? அது இலக்கில் நிற்கவில்லை என்றால் பின்காலைச் சற்று நகர்த்துவதுதான் மருந்து. மூன்றாவது, வேகம்: எஸ்1 கடைசி ஒரு நொடியின் சராசரி வேகம், எஸ்2 கடைசி கால் நொடியின் வேகம். எஸ்2 எஸ்1-ஐவிடக் குறைவாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். கூடினால் விடுவிக்கும் கணத்தில் எதையோ செய்கிறீர்கள். எஃப் என்றொரு குணகமும் உண்டு; விடுவிக்கும் கணத்தின் வேகத்துக்கேற்ப பெல்லட் எவ்வளவு தள்ளிப்போகும் என்று கணிக்க உதவுவது. அதைத் திருகித் திருகி மதிப்பெண்ணை ஏற்றுகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் போடத்தான் அது பயன்படும்.

பொருத்துவதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். கேமராவின் மவுன்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் நடு மெல்ல மெல்ல நகரும். நீங்கள் ஹோல்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பத்து ஷாட்டுக்கு ஒருமுறை விரலால் அசைத்துப் பார்ப்பது நல்லது. கேபிளைத் துப்பாக்கியின் கட்டையோடு (ஸ்டாக்) சேர்த்து வெல்க்ரோவால் இரண்டு இடத்தில் கட்டி, அதற்குப் பிறகு தாராளமான தொய்வு விடுங்கள். இறுகிய கேபிள் எல்லா ஷாட்டையும் ஒரே பக்கம் இழுக்கும். கேமரா பேரல் நுனிக்கு எடை சேர்ப்பதால், ரைஃபிளில் ஏற்கெனவே பேரல் எடைகள் போட்டிருந்தால் அதே அளவைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் வாரம் முழுக்க ஒரு சமநிலையில் பழகி, போட்டியில் வேறொரு சமநிலையோடு நிற்பீர்கள். மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற விதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போட்டியில் கருவி இருக்கப்போவதில்லை. பிரச்சினை உடலின் பழக்கத்தில்.

ஷாட் கிளம்பியதை அதிர்வை வைத்துத்தான் கருவி உணரும். உணர்திறனைக் குறைத்து வைத்தால் டிரை டிரிகரின் மெல்லிய சொடுக்கைத் தவறவிடும். கூட்டி வைத்தால் லோடிங் லீவரை மூடும் சத்தமே ஒரு ஷாட்டாகப் பதிவாகும். உயர்தர மேட்ச் ரைஃபிள்களில் டிரை பயிற்சிக்கான அமைப்பு உள்ளேயே இருக்கும். அதைப் போட்டு, உணர்திறனை நடு அளவிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே வாருங்கள். பழைய ஸ்பிரிங் துப்பாக்கியைப் பெல்லட் இல்லாமல் அடிக்காதீர்கள், பிஸ்டன் சீல் போய்விடும்.

வெளிச்சம் இன்னொரு தொல்லை. ரேஞ்சில் இலக்கின் மேல் குறைந்தது 1,500 லக்ஸ் விழ வேண்டும் என்பது சர்வதேச விதி. வீட்டு ஹாலின் டியூப்லைட்டில் அதெல்லாம் நடக்காது. இலக்கின் மேல் நேராக விழும் ஒரு தனி எல்இடி விளக்கு வையுங்கள். மலிவான எல்இடி மின்னும். கண்ணுக்குத் தெரியாத அந்த மின்னல் கேமராவுக்குத் தெரியும், கோடு நடுங்கும். ஜன்னல் வெயில் இலக்கின் பாதியில் விழுந்தாலும் கறுப்பு வட்டத்தின் ஓரத்தை மென்பொருள் தவறாகப் பிடிக்கும். அட்டையைச் சுற்றி வெள்ளைப் பின்னணி கொஞ்சம் விடுவது இதற்காகத்தான்.

வீட்டில் பத்து மீட்டர் கிடைக்காதவர்கள் ஐந்து மீட்டரில் பழகலாம். ரைஃபிள் இலக்கின் கறுப்பு 30.5 மி.மீ.; ஐந்து மீட்டருக்கு அது 15.25 மி.மீ. ஆக வேண்டும். தூரத்தை மென்பொருளிலும் மாற்ற மறக்காதீர்கள். உயரத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ரேஞ்சில் இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர். பேரல் நுனி உங்களுக்கு 1.50 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்றால், ஐந்து மீட்டரில் இலக்கை 1.45-ல் ஒட்ட வேண்டும். 1.40-லேயே ஒட்டினால் துப்பாக்கியின் சாய்வு மாறும், அதோடு இடுப்பும் மாறும். உங்கள் உடல் வேறொரு நிலையைக் கற்றுக்கொள்ளும்.

இதுவரை சொன்னதெல்லாம் உடல் சார்ந்தது. கருவியை விற்பவர்களும் இதைத்தான் விளக்குவார்கள். ஆனால் கொடுத்த காசுக்கு உண்மையான பலன் கிடைப்பது எண் பட்டியலில் யாரும் அதிகம் பேசாத ஒரு பத்தியில்: நேரம். இலக்குக்குள் இறங்கியதிலிருந்து ஷாட் கிளம்பும் வரை எத்தனை நொடி என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் பதிவாகிறது. அது கையின் அளவீடு அல்ல, முடிவெடுக்கும் மனதின் அளவீடு.

செய்து பார்க்கும் முறை எளிது. நாற்பது டிரை ஷாட் அடியுங்கள். பட்டியலை நேரத்தின்படி வரிசைப்படுத்தி, எந்த நொடிகளில் எஸ்2 குறைவாகவும் 10ஏ0 அதிகமாகவும் இருக்கிறது என்று பாருங்கள். ரைஃபிள்காரர்கள் பலருக்கும் அது நான்கிலிருந்து எட்டு நொடிக்குள் எங்கோ விழும். அதுதான் உங்கள் ஜன்னல், ஷாட்டை விட ஏற்ற நேரம். அதைத் தாண்டிய ஷாட்களைத் தனியாகப் பாருங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே கதைதான் இருக்கும்: ஹோல்டு நன்றாக வந்தது, விரல் அழுத்தவில்லை, இன்னும் கொஞ்சம் நன்றாக வரட்டும் என்று சுடுபவர் காத்திருந்தார், மூச்சு முட்டியது, கண்ணில் பிம்பம் தேங்கியது, கடைசியில் “இப்போ!” என்று ஒரு இழு. கோச் பின்னால் நின்று “டிரிகர் ஜெர்க்” என்பார். ஜெர்க் விளைவுதான். காரணம் மூன்று நொடிக்கு முன்னால் எடுக்காமல் விட்ட முடிவு.

ஆகவே பயிற்சி விரலுக்கு அல்ல, கைவிடுவதற்கு. ஜன்னல் முடிந்ததா, துப்பாக்கியை இறக்கு. தகுதிச் சுற்றில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம், அதாவது ஷாட்டுக்கு 75 நொடி. இறக்கி மறுபடி ஏற்ற நேரம் தாராளமாக இருக்கிறது. ஃபைனலில் தனி ஷாட்டுக்கு 50 நொடிதான். அங்கே ஒரே ஒரு முறை இறக்கலாம், அதுவும் முதல் முறை சீக்கிரம் ஏற்றியிருந்தால். அந்த ஒரு முறையைப் பயிற்சியில் வேண்டுமென்றே செய்து பழக வேண்டும்: டைமரில் 50 நொடி, முதல் ஹோல்டைக் கட்டாயம் கைவிடு, இரண்டாவதில் விடு. இரண்டாவது ஹோல்டின் எஸ்2 சாதாரண ஷாட்டின் எஸ்2-க்கு அருகில் வந்துவிட்டால் ஃபைனலுக்கு ஒரு பயம் குறைந்தது.

நேரம் குறைவாகப் போவதும் நோய்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் ஃபைனலின் கடைசி ஷாட்டுக்கு வந்தபோது அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 3.3 புள்ளி முன்னிலையில் இருந்தார். துப்பாக்கி இலக்குக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே விரல் அழுத்திவிட்டது, விழுந்தது 4.4. தங்கம் போய் நான்காமிடம். திரையில் இத்தகைய ஷாட் எப்படித் தெரியும் தெரியுமா? பச்சைக்கு இடமே இருக்காது, இறங்கும் பாதையே மஞ்சளாகவும் நீலமாகவும் இருக்கும். பயிற்சியில் இறங்கும்போதே விரல் டிரிகர் மேல் உட்கார்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா என்பதை மூன்று நொடிக்குக் கீழான ஷாட்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது மனப் பயிற்சி, ஷாட்டைச் சொல்லிவிட்டுப் பார்ப்பது. லேப்டாப்பைத் திருப்பி வையுங்கள். ஷாட் போனதும், ஃபாலோ த்ரூ முடிந்ததும், துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நோட்டில் எழுதுங்கள்: “9.8, நாலு மணிப் பக்கம்.” கடிகார முள்ளின் திசையில் எழுதினால் குழப்பமில்லை. பத்து ஷாட் எழுதிய பிறகே திரையைப் பாருங்கள். எழுதியதும் கோடும் ஒத்துப்போனால், சுமாரான ஷாட் என்றாலும் கவலையில்லை. என்ன செய்தோம் என்று தெரிந்தே செய்திருக்கிறீர்கள். 10.6 விழுந்து, நீங்கள் “8.9, ஒன்பது மணி” என்று எழுதியிருந்தால் அது அதிர்ஷ்டம். அடுத்த முறை அதே தவறு 8.9 ஆகத்தான் வரும்.

இதற்கெல்லாம் முதல் நிபந்தனை, திரையில் மதிப்பெண்ணைத் தெரியாமல் செய்வது. எண் தெரிந்தால் பயிற்சி அங்கேயே போட்டியாகிவிடும், அதுவும் மோசமான போட்டி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பின் திரையைப் பார்ப்பவர், ஷாட்டுக்கு முன்பே திரையை நினைக்க ஆரம்பித்துவிடுவார்; சிவப்புக் கோடு பறப்பதற்கு இதைவிட நிச்சயமான வழி இல்லை. இளம் வீரர்களுக்குக் கோடு மட்டும் காட்டி, மதிப்பெண்ணைக் கோச் வைத்துக்கொள்வது நல்லது. பெற்றோர் பின்னால் நின்று திரையைப் பார்க்கும் ரேஞ்சுகளில் இது இன்னும் அவசியம்.

டிரை கோடும் பெல்லட் போட்ட கோடும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று ஒப்பிடுவது இன்னொரு பலன். ஏர் ரைஃபிளில் பின்னுதைப்பு மிகக் குறைவு. ஆகவே இரண்டிலும் நீலக் கோடு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெல்லட் போட்டதும் எஸ்2 குதிக்கிறது என்றால் துப்பாக்கியில் ஒன்றும் மாறவில்லை. எண் விழப்போகிறது என்ற எண்ணம்தான் மாறியிருக்கிறது. ஒரு டிரை, ஒரு பெல்லட் என்று மாற்றி மாற்றி இருபது ஜோடி அடிப்பது இதற்குச் சரியான வைத்தியம். இருபதும் முடிந்த பிறகு இரண்டு வகையையும் பிரித்துப் பாருங்கள்.

பதற்றத்தை வரவழைக்கப் பலர் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டுச் சுடுகிறார்கள். இதயத்துடிப்பு ஏறும், உண்மைதான். ஆனால் அது உழைப்பால் ஏறிய துடிப்பு, பயத்தால் அல்ல. உடல் களைப்போடு ஹோல்டு எப்படி என்று தெரியும், அவ்வளவே. ஃபைனலின் பயத்துக்கு அருகில் வர, ஃபைனலையே நடத்த வேண்டும்: முதலில் 250 நொடிக்கு ஐந்து ஷாட் வீதம் இரண்டு சுற்று, பிறகு 50 நொடிக்கு ஒன்றாகத் தனி ஷாட்கள், கட்டளைகளை ஒருவர் உரக்கச் சொல்ல, ஸ்பீக்கரில் இசையும் கூச்சலும் ஓட, கிளப்பில் உள்ள மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்க, பன்னிரண்டாம் ஷாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக வெளியேற. அன்று பதிவான நேரப் பத்தியையும் சாதாரண நாளின் நேரப் பத்தியையும் அருகருகே வையுங்கள். சிலருக்கு நேரம் நீளும், சிலருக்குச் சுருங்கும். இரண்டுக்கும் கொடுக்க வேண்டிய மருந்து வேறு வேறு.

துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துப்பாக்கி சுடுதலில் போட்டியிலும் போட்டிக்கு வெளியிலும் தடை. மிஞ்சுவது மூச்சுதான். நான்கு நொடி உள்ளே, ஆறு நொடி வெளியே என்று நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். போலார் எச்10 போன்ற மார்புப் பட்டையைக் கட்டிக்கொண்டால் துடிப்பு மூச்சோடு அலையலையாக ஏறி இறங்குவதைச் செயலியில் பார்க்கலாம். பட்டையின் மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டாவிட்டால் தாறுமாறான எண்தான் வரும். இந்தச் சுவாசம் ஷாட்டுக்கு முன்னால் செய்வதல்ல, ரேஞ்சுக்குள் போகும் முன் செய்வது. ஷாட்டின்போது வழக்கம்போல் மூச்சை விட்டபடியே இறங்கி, அது இயல்பாக நிற்கும் இடத்தில் பிடிக்க வேண்டும். போட்டி நேரத்தில் ஸ்மார்ட் வாட்ச் போன்ற மணிக்கட்டில் கட்டும் சாதனங்களுக்கு அனுமதியில்லை என்பதால், சாதனம் இல்லாமலும் எண்ணிச் செய்யப் பழகியிருக்க வேண்டும்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. மென்பொருள் பழைய பாணியில், பொத்தான்கள் நெருக்கமாக இருக்கிறது; பெயர்கள் புரியவே ஒரு வாரம் ஆகும். எண்கள் கொட்டிக் கிடப்பதால், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாதவர் எல்லாவற்றையும் சரிசெய்யக் கிளம்பி, இருந்த ஹோல்டையும் கெடுத்துக்கொள்வார். கோடு ஏன் அப்படிப் போனது என்று கருவி சொல்லாது. வலப்பக்கச் சாய்வுக்குக் கால் காரணமா, கன்னத்தின் அழுத்தம் காரணமா என்பதைக் கண்ணுள்ள கோச்சோ, பக்கவாட்டில் வைத்த ஃபோன் வீடியோவோதான் சொல்ல முடியும். ஏர் பிஸ்டலுக்கும் இதே கருவி உதவும், ஆனால் அங்கே 0.1 என்பது 0.8 மி.மீ.; கோடு பெரிதாகத்தான் இருக்கும், ரைஃபிள்காரரின் திரையோடு ஒப்பிட்டு மனம் உடையத் தேவையில்லை.

மான்டிஸ் என்ற அமெரிக்கக் கருவி இதைவிட வெகு மலிவு. துப்பாக்கியில் துணைக்கருவி மாட்டும் பட்டையில் (ரெயில்) மாட்டி ஃபோனோடு இணைத்தால் முடிந்தது. அது துப்பாக்கியின் அசைவை மட்டும் உணர்கிறது, இலக்கு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டிரிகர் இழுப்பைத் திருத்த அது போதும். ஹோல்டு எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரிய ஸ்காட் வேண்டும். தகுதிச் சுற்றில் 600-ஐ நிலையாகத் தொடாத ரைஃபிள்காரர் இரண்டையும் விட்டுவிட்டு, அளவாகத் தைத்த ஜாக்கெட்டுக்கும் நல்ல பெல்லட்டுக்கும் காசைப் போடலாம். கிளப்பாக இருந்தால் எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு எம்எக்ஸ்-02 தாராளம். வாரம் ஒருமுறை ஆளுக்கு நாற்பது ஷாட் பதிவானால் போதும். பெரிய போட்டிக்கு முந்தைய கடைசி இரண்டு மூன்று நாளில் அதைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

புதிதாக வாங்கும்போது சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்த விலையை எழுத்தில் கேளுங்கள். உங்கள் துப்பாக்கிக்கான மவுன்ட் பெட்டியிலேயே வருகிறதா, கெட்டுப்போனால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் கேளுங்கள். பழையதை வாங்குவதானால் கேபிள் நுழையும் இடத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அறுந்திருப்பது அங்கேதான். பிறகு ரைஃபிளைத் துணி சுற்றி ஒரு வைஸில் அசையாமல் பிடித்து, இலக்கை நோக்கி வைத்து, பத்து நிமிடம் கோட்டை ஓடவிடுங்கள். புள்ளி ஒரே இடத்தில் கிடந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஊர்ந்தால் மவுன்ட்டை இறுக்கி, விளக்கை மாற்றி இன்னொரு பத்து நிமிடம். அப்போதும் ஊர்ந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.